சைலன்சர் மாற்றிய பிறகு 6,000 ஆர்பிஎம்மில் வண்டி திணறுகிறது: டைனோ ட்யூனிங் கைகொடுக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி நான்கு சிலிண்டர் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் ஹெட்டர் பைப் முதல் முனை வரை சைலன்சரை முழுதாக மாற்றிவிட்டீர்கள், காற்று தாராளமாகப் போகும் ஏர் ஃபில்டரும் போட்டாயிற்று. 10,000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி பறக்கிறது. ஆனால் 5,500 முதல் 6,500 வரை திணறுகிறது. மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டைனோவில் (பின்சக்கரத்தை உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி ட்யூன் செய்தால் சரியாகுமா, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் சரியாகும். ஆனால் குதிரைத்திறன் கேள்வியை ட்யூனரிடம் முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அதை வைத்தால் அவர் அதற்கான வேலையை மட்டும் செய்து கொடுப்பார். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி நான்கைந்து ஓட்டம், உச்சியில் ஓர் எண், கையில் ஒரு வரைபடம், முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே வண்டி பழையபடி வெட்டும். ஏனென்றால் நீங்கள் திணறல் என்று சொல்வதெல்லாம் ஆக்சிலேட்டர் கால்வாசி திறந்திருக்கும் இடத்தில் நடக்கிறது. ஒரு 600 சிசி வண்டியைச் சாலையில் ஓட்டுகிறவர் முழு ஆக்சிலேட்டரில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஓட்டுகிற நேரத்தில் பெரும்பகுதி 2 சதவீதத்துக்கும் 25 சதவீதத்துக்கும் நடுவில்தான் கழிகிறது. பல வருடங்களாக டைனோ பக்கத்திலேயே நிற்கிறேன். ட்யூன் முடிந்து ஓட்டிப் பார்த்துத் திரும்புகிறவர்கள் முகம் மலர்வது அந்தப் பகுதி சரியானதால்தான். உச்சியில் கூடிய 3 குதிரைத்திறனை உட்கார்ந்து ஓட்டி உணர்கிறவர்கள் அபூர்வம்.

முதலில் அந்த வெட்டலை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். கம்பெனி பொருத்திய ஆக்சிஜன் சென்சார் இந்தப் புள்ளியை ஒட்டித்தான் வேலை செய்யும். சைலன்சருக்குள் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் நன்றாக வேலை செய்யவும் இதே விகிதம் வேண்டும். அதனால் மாசு சோதனை நடக்கும் ஆர்பிஎம் பகுதிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு வண்டியை இந்த அளவிலேயே பிடித்து வைக்கிறது. எஞ்சினின் விருப்பம் வேறு. முழு சக்தியைத் தர 13க்குப் பக்கத்தில் கேட்கும், ஆக்சிலேட்டர் லேசாகத் திறந்திருக்கும்போது மென்மையாக ஓடவும் 14.7ஐ விடக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் கேட்கும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியதும் ஈசியு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். மீண்டும் ஒரு நூலளவு திறந்ததும், காய்ந்து கிடந்த இன்டேக் பாதையில் (காற்று உள்ளே போகும் வழி) பெட்ரோல் திடீரென்று வந்து விழும். பின்சக்கரத்துக்கு அது ஒரு தள்ளு. வளைவின் நடுவில் வண்டி சாய்ந்திருக்கும்போது அந்தத் தள்ளு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேராக நிமிர்ந்த வண்டியில் அது வெறும் எரிச்சல், சாய்ந்த வண்டியில் அது டயரின் பிடியைக் கேட்கிற விஷயம். அதனால்தான் இந்த 2 சதவீத ஆக்சிலேட்டர் வேலையை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

6,000 பக்கத்துத் திணறலுக்குக் காரணம் வேறு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் ஓடுகிறது. பைப் விரிகிற இடத்திலோ முனையிலோ மோதி, உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால் நல்லது. எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். ஆனால் பைப்பின் நீளம் மாறாது, அலையின் வேகமும் பெரிதாக மாறாது, எஞ்சின் சுற்றும் வேகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஏதோ ஓர் ஆர்பிஎம்மில் உறிஞ்ச வேண்டிய நேரத்தில் தள்ளுகிற அலை வந்து நிற்கும். எரிந்த வாயு இன்டேக் பக்கமே திரும்பப் போய்விடும். அதிக ஆர்பிஎம்முக்காக உருவான ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களில் அந்த இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் அந்த இடத்தில் சக்தியில் விழும் பள்ளமும் ஆழமாக இருக்கும். இதைச் சமாளிக்கத்தான் யமஹா எக்ஸப் என்ற பெயரில் பைப்புக்குள் ஒரு வால்வை வைத்தது, மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின. நீங்கள் மாட்டிய சைலன்சரில் அந்த வால்வு இல்லை என்றால் பள்ளத்துக்கு விடை பாதி கிடைத்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியுவில் எழுதியிருக்கும் மேப்பை மாற்றி இந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்ப முடியாது. உள்ளே வராத காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் சக்தி வராது. ஆனால் பள்ளத்தில் கலவையும் கெட்டுப்போயிருக்கும். அதைச் சரிசெய்தால் ஆழம் குறையும், ஓரங்கள் மழுங்கும், திணறல் போய் "இங்கே கொஞ்சம் சோம்பல்" என்ற அளவுக்கு வந்துவிடும். முனையில் இருக்கும் சத்தம் குறைக்கும் குழாயைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிப் பாருங்கள். உச்சியில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் போகலாம், ஆனால் நடுவில் வண்டி இழுக்க ஆரம்பிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, டைனோவுக்குப் போவதற்கு முன். ட்யூனிங் என்பது நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்குச் செய்வது. கோளாறு உள்ள எஞ்சினை ட்யூன் செய்தால் கோளாறு மேப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு வண்டி ஞாபகம் வருகிறது. வேறொரு இடத்தில் ட்யூன் செய்துவிட்டு, மைலேஜ் பாதியாகிவிட்டது, கண் எரிகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நான்கும் கரி பூசிக் கறுத்துக் கிடந்தன. மேப்பைத் திறந்து பார்த்தேன், குறைந்த ஆர்பிஎம் பகுதி முழுக்க 15 சதவீதம், 20 சதவீதம் என்று பெட்ரோல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஏன் இவ்வளவு என்று தேடினேன். மூன்றாவது சிலிண்டரில் ஹெட்டர் பைப் சேரும் இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்தது போல. கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று பைப்புக்குள் போய், சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லியிருக்கிறது. சொன்னதை நம்பி ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு புது கேஸ்கட் போட்டு, பழைய மேப்பை அழித்து, முதலிலிருந்து செய்தோம்.

ஆகவே நல்ல ட்யூனர் வண்டியை டைனோவில் ஏற்றுவதற்கு முன் கீழே வைத்தே கொஞ்ச நேரம் செலவழிப்பார். பைப் இணைப்புகளில் கசிவு, ஏர் பாக்ஸ் சரியாக மூடியிருக்கிறதா, பிளக், வால்வு கிளியரன்ஸ் எப்போது பார்த்தது, நான்கு த்ராட்டில் பாடிகளும் (சிலிண்டருக்குக் காற்று விடும் வாய்கள்) ஒரே அளவில் உறிஞ்சுகின்றனவா என்று வாக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பது, இவையெல்லாம் அடிப்படை. செயின் தளர்ச்சியையும் ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ச்சியையும் நீங்களே பார்க்கலாம். கேபிள் உள்ள வண்டிகளில் கைப்பிடியின் விளிம்பில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருப்பது வழக்கம், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். செயின் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த வெட்டலில் பாதி செயினுடையது. மேப்பால் அதை மாற்ற முடியாது.

எந்த பெட்ரோல் போட்டு ஓட்டுவீர்களோ அதையே நிரப்பிக்கொண்டு போங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விகிதம் மாறும். 10 சதவீதம் கலந்தால் 14.7 என்பது ஏறக்குறைய 14.1 ஆகிவிடும். ஒரு பெட்ரோலில் ட்யூன் செய்து வேறொன்றில் ஓட்டினால் செய்த வேலை நகர்ந்துவிடும். பின் டயர் தேய்ந்தோ வெடிப்பு விழுந்தோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டைனோ உருளை மேல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்றப்போகிற டயர் அது, பக்கத்தில் ஆள் நிற்பார்.

இப்போது டைனோ. இதில் இரண்டு வகை உண்டு, எது என்று கேட்பது அவசியம். முதல் வகையில் எடை தெரிந்த ஒரு கனமான உருளை மட்டும் இருக்கும். உங்கள் சக்கரம் அதை எவ்வளவு வேகமாகச் சுற்றவைக்கிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிடும். முழு ஆக்சிலேட்டர் ஓட்டத்துக்கு இது போதும். இரண்டாவது வகையில் அந்த உருளையை மின்காந்தத்தால் பிடித்து நிறுத்தும் பிரேக்கும் இருக்கும். 10 சதவீத ஆக்சிலேட்டரில் 4,000 ஆர்பிஎம்மிலேயே வண்டியை நிறுத்தி வைத்து, கலவை எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியும். உங்கள் பிரச்சினைக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். 2, 5, 10, 15, 20, 40, 60, 80, 100 சதவீதம் என்று ஒவ்வொரு ஆக்சிலேட்டர் அளவிலும், ஆர்பிஎம்மை 250 அல்லது 500 ஆக ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு கட்டமாகச் சரிசெய்வார்கள். கட்டம் கட்டமாகப் போகிற, பொறுமை கேட்கிற வேலை. எஞ்சின் சூடேறும், நடுவில் ஆறவிட வேண்டும். ஒரு வண்டிக்கு அரை நாள் ஆவது சாதாரணம். இருபது நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் அவர் முழு ஆக்சிலேட்டர் வரிசையை மட்டும் தொடப்போகிறார் என்று அர்த்தம்.

மேப்பை எங்கே எழுதுவது என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. பவர் கமாண்டர் மாதிரியான பெட்டி, ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, போகிற சிக்னலைக் கூட்டிக் குறைக்கும். கழற்றினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது அதன் வசதி. இன்னொன்று ஈசியுவையே ஃப்ளாஷ் செய்வது, அதாவது அதற்குள் இருப்பதையே மாற்றி எழுதுவது. ஈசியுவைத் திருத்த முடிகிற வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பெட்ரோல் மேப்போடு இக்னிஷன் டைமிங் (பிளக் எப்போது பொறி விடுகிறது என்பது), நான் மேலே சொன்ன பெட்ரோல் நிறுத்தம், ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பநிலை, காற்றுப் பாதையை மூடித் திறக்கும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் உள்ளேயே போய்த் தொடலாம். வெட்டல் குறைய அந்தப் பெட்ரோல் நிறுத்தத்தை எடுப்பதோ தளர்த்துவதோ பெரிய உதவி. நடுவில் உட்காரும் பெட்டிகள் பலவற்றால் இதைத் திருப்தியாகச் செய்ய முடியாது. எந்த வழியில் போனாலும் ஆக்சிஜன் சென்சார் விஷயத்தைக் கேளுங்கள். அது பழையபடி வேலை செய்துகொண்டிருந்தால், ட்யூனர் போட்டதை ஈசியு 14.7க்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆக்சிலேட்டரும் தகடும் கேபிளால் நேராக இணையாத வண்டிகளில் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2006 மாடல் ஆர்6 பைக்கில் யமஹா கொண்டுவந்ததிலிருந்து இந்த முறை பரவி, இன்று பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் சாதாரணமாகிவிட்டது. நீங்கள் கைப்பிடியை முறுக்குவது ஒரு வேண்டுகோள் மட்டுமே, தகட்டை எவ்வளவு திறப்பது என்பதை ஈசியு முடிவு செய்கிறது. பல 1000 சிசி வண்டிகளில் கீழ் கியர்களில் கை முழுக்க முறுக்கினாலும் தகடு முழுக்கத் திறக்காது. "அதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்குச் செய்து கொடுக்கிறேன். மழை பெய்யும் சாலையில் தினமும் ஓட்டுகிறவரிடம், முதல் இரண்டு கியரை விட்டுவிட்டு மேலே மட்டும் திறக்கலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். தகடு எவ்வளவு சீராகத் திறக்கிறது என்பதுதான் கையில் தெரியும் சுகம். முழுதும் திறக்கிறதா என்பது அதற்கு அடுத்தது.

இக்னிஷன் டைமிங்கில் பேராசை கூடாது. ஒன்றிரண்டு டிகிரி முன்னால் தள்ளினால் சில இடங்களில் டார்க் (எஞ்சின் சுழற்றும் விசை) கூடும். அதற்கு மேல் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது, வரும் அபாயம். பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் நாக் சென்சாரே கிடையாது, 12,000 ஆர்பிஎம் சத்தத்தில் காதாலும் கேட்க முடியாது. பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியவரும். டார்க் ஏறுவது நின்ற இடத்திலேயே நிறுத்தி, ஒரு டிகிரி பின்வாங்கி வைக்கிற ட்யூனரை நம்பலாம்.

வரைபடம் கைக்கு வந்ததும் எங்கே பார்ப்பது? டார்க் கோட்டைப் பாருங்கள். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,121ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 6,000இல் 42 நியூட்டன் மீட்டர் என்றால் 35 குதிரைத்திறன். அதே இடத்தில் 48க்கு வந்தால் 40. உச்சியில் 5 குதிரைத்திறன் கூடுவது 110க்கு 115, கவனித்தால்தான் தெரியும். இங்கே கூடும் 5 என்பது ஏழில் ஒரு பங்கு, முந்திச் செல்ல முறுக்கிய உடனே தெரியும். கோடு மேடு பள்ளம் இல்லாமல் ஏறுகிறதா என்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. ஆனால் டைனோஜெட் கம்பெனி டைனோக்களின் மென்பொருளில் கோட்டை மழுக்கிக் காட்டும் வசதி 0 முதல் 5 வரை உண்டு. 5இல் வைத்தால் எந்தப் பள்ளமும் அழகாகிவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவில் மழுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்ஏஈ என்று போட்டு வரும் எண்ணை விட எஸ்டிடி என்று போட்டு வரும் எண் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ட்யூனுக்கு முன் எஸ்ஏஈ, பின் எஸ்டிடி என்று காட்டினால், ஒரு வேலையும் செய்யாமலே 110 என்பது 114 ஆகிவிடும். நண்பர் வேறொரு டைனோவில் வாங்கிய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம். அதே டைனோ, அதே நாள், அதே கியர், எஞ்சின் அதே சூட்டில், அப்போதுதான் ஒப்பீடு.

உங்களைப் போல முழு சைலன்சரும் ஃபில்டரும் மாற்றிய 600 சிசி வண்டியில் நல்ல ட்யூனுக்குப் பிறகு, உச்சியில் பொதுவாக 3 முதல் 6 குதிரைத்திறன் வரை கூடுவதைப் பார்க்கிறேன். 15 கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதையும் யோசித்து வையுங்கள். 16ஐ 15 ஆக்கினால் பின்சக்கரத்துக்குப் போகும் விசை ஒவ்வொரு கியரிலும் 6.7 சதவீதம் கூடும், அதே வேகத்தில் எஞ்சினும் பள்ளத்தை விட்டுக் கொஞ்சம் மேலே ஓடும். டைனோவுக்கு ஆகிற செலவில் சிறு பங்கு. சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, கேட்டலிஸ்ட் இல்லாத சைலன்சர் பொதுச் சாலைக்குச் சட்டப்படி சரியா, வாரண்டி நிற்குமா என்பதை வண்டி கொடுக்கும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் சரியில்லை.

ட்யூனரிடம் பேசும்போது பாகங்களின் பெயர்களை அடுக்குவதை விட வண்டி என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். "மூன்றாவது கியர், 5,500, கால்வாசி முறுக்கினால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் போகிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்கு எந்தக் கட்டத்தைத் திறக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். "பிக்கப் இல்லை" என்றால் முழு மேப்பையும் தேட வேண்டும். முடிந்தால் அவர் வேலை செய்யும்போது கூட நில்லுங்கள். முடிந்ததும் பழைய மேப், புதிய மேப் இரண்டின் ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள். தரமாட்டேன் என்கிறவர்களும் உண்டு, அதனால் வண்டியைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

டைனோ முன்னால் வைக்கும் ஃபேன், சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஏர் பாக்ஸுக்குள் அடிக்கும் காற்றைத் தராது. அதனால் அனுபவம் உள்ளவர் உச்சிப் பகுதியில் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வைப்பார், அதைக் குறையாக நினைக்காதீர்கள். அதே காரணத்தால் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். வழக்கமாகப் போகிற பாதையில், வழக்கமான வேகத்தில் ஒரு வாரம் ஓட்டுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா, நெரிசலில் சூடேறிய பிறகு ஐடிலிங் நிற்கிறதா, அந்த மெதுவான வளைவில் மூடித் திறந்தால் என்ன ஆகிறது என்று ஆர்பிஎம்மோடு குறித்துக்கொண்டு திரும்பப் போங்கள். டைனோவில் எஞ்சின் எப்போதும் சூடாகவே இருந்திருக்கும், குளிர்ந்த எஞ்சினை அவர் பார்த்திருக்கவே மாட்டார். பெரும்பாலும் இரண்டாவது தடவை அரை மணி நேர வேலைதான், இரண்டு மூன்று கட்டங்களில் ஒன்றிரண்டு சதவீதம்.